ஒரே சட்டைக் கூட்டம்

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

பூச்சி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த வரியில் ‘அம்மாவும் நலம்’ என்று எழுத வேண்டும். எழுத வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதமே.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்தபோது அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் ‘ம், ம்’ என்று மட்டும் சொன்னேன். “உனக்கு போன் பண்றதும் ஒண்ணு, சுவத்துக்குப் பண்றதும் ஒண்ணு” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். அம்மா இல்லாமல் இருந்திருந்தாலும் எனக்கு வாய் வந்திருக்காது. அதுதான் உங்களுக்குத் தெரியுமே. எழுதினால் வரும்.

அம்மா இப்போது கண்டக்டர் வேலைக்குப் போவதில்லை. மருத்துவ விடுப்பில் இருக்கிறாள். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளிவிடுகிறாள். விலா எலும்புக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறாள். ஒரு நாள் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போது தலை சுற்றிக் கம்பியைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துவிட்டாளாம். டிரைவர் அண்ணன்தான் ஆட்டோவில் வீட்டில் கொண்டு வந்து விட்டார். ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோபி செய்தார்கள். இரைப்பையின் கீழ்ப்பக்கம் ஒரு வீக்கம், அதன் மேல் புண். கிள்ளி எடுத்துச் சோதித்து, நாள்பட்ட அழற்சி என்று எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரைகள் தந்தார்கள். அதெல்லாம் போன வருடக் கடைசியில். மாத்திரை தீர்ந்துவிட்டது. வலி தீரவில்லை.

“மாமாகிட்ட மூச்சு விடாதே. அவன் லேப்ல பொழுதுக்கும் இதையேதான் பாக்குறான். கேட்டா அவனுக்குச் சோறு இறங்காது” என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் மூச்சு விடவில்லை, எழுதிவிட்டேன்.

அது அழற்சியாகத்தான் இருக்குமா மாமா? வேறு எதுவாகவும் இருக்க முடியாதா?

உங்கள் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பூச்சி


பிப்ரவரி 12

என் வாயில்லாப் பூச்சிக்கு,

மாமாவின் அன்பு. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் உன் கடிதம் வந்ததிலிருந்து காய்ச்சல்.

அக்கா என்னிடம் மறைத்தாளா? சின்ன வயதில் எனக்குக் காலில் முள் குத்தினால்கூடத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியவள், தன் வயிற்றை மறைக்கிறாள். நான் தெரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். நீ எழுதிக்கொண்டே இரு.

உன் கேள்விக்குப் பதில். நான் டாக்டர் இல்லை. சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, சீவி, கண்ணாடியில் ஏற்றி, சாயம் போட்டு நீட்டுவது என் வேலை. அதைப் பார்த்து நோயின் பெயர் சொல்வது எங்கள் டாக்டர் மேடம். ஆனால் ஒன்று எனக்கே தெரியும். எண்டோஸ்கோபியில் கிள்ளுவது மேல்தோலைத்தான். உள்ளே ஒளிந்திருப்பதன் மேல் புண் இருந்தால், புண்ணை மட்டும் கிள்ளிவிட்டு அழற்சி என்று எழுதுவது நடக்கக்கூடியதே. யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்களிடம் வந்ததைத்தானே அவர்கள் பார்க்க முடியும்.

டாக்டரிடம் போ. “மறுபடி செய்யுங்க, கொஞ்சம் ஆழமா எடுங்க” என்று கேள். ஒரே ஒரு வாக்கியம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவள் என்று யாரும் உன்னை அங்கே கேட்கப் போவதில்லை.

அக்காவைப் பார்த்துக்கொள்.

மாமா


மார்ச் 6

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன். பொத்தான் தைக்கிற வேலையை வீட்டுக்கே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தையல் கடைக்காரம்மா சரி என்றுவிட்டார்.

மறுபடி எண்டோஸ்கோபி ஆயிற்று. ரத்தம் இன்னும் இறங்கிவிட்டதால் டாக்டரே செய்யச் சொல்லிவிட்டார். ஆழமாகத்தான் எடுத்தார்களாம். அறிக்கையை அப்படியே கீழே எழுதியிருக்கிறேன்:

‘பிளாஸ்மா செல்கள் மிகுதியாக உள்ளன. அழற்சியா, கட்டியா என உறுதியாகச் சொல்ல இயலவில்லை. சிறப்புச் சாயங்கள் தேவை.’

அந்தச் சாயம் இந்த ஆஸ்பத்திரியில் இல்லை. எங்கே இருக்கிறது என்று அறிக்கையில் இல்லை. வயிற்று டாக்டர் அறுவை டாக்டரைப் பார்க்கச் சொன்னார். அறுவை டாக்டர் ரத்த டாக்டரைப் பார்க்கச் சொன்னார். ரத்த டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். அன்றைக்கு அவர் வரவில்லை. திரும்ப அறுவை டாக்டரிடமே வந்தோம். அவர் நல்ல மனிதர்தான் மாமா. அம்மாவை உட்காரச் சொல்லித்தான் பேசினார். “எதுவா இருந்தாலும் ரத்தம் கசியுதும்மா. இரைப்பையில முக்கால்வாசி எடுத்துடலாம். எடுத்தப்புறம் என்னன்னு பாத்துக்கலாம்” என்றார். ஏப்ரல் 29-க்குத் தேதி போட்டிருக்கிறார்.

வெளியே வந்ததும் அம்மா, “எங்க ஏறினாலும் ‘இந்த பஸ் போகாது, அடுத்த பஸ்ல ஏறு’ங்கறாங்க. ஒரு பஸ்ஸாவது கிளம்புதே, ஏறிடலாம்” என்றாள்.

எங்கே போகிற பஸ் என்று தெரியாமல் ஏறுவதா மாமா? எனக்கு அழுகை அழுகையாக வருகிறது. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

பூச்சி


மார்ச் 14

அன்பு மருமகளுக்கு,

அழாதே. கோபம் வந்தால் என் மேல் படு, தபாலில் வருவதால் எனக்கு வலிக்காது.

இதைப் பொறுமையாகப் படி. மேடத்திடம் கேட்டு, அவர் சொன்னதைச் சொல்கிறேன். பிளாஸ்மா செல் என்பது கிருமியை விரட்ட உடம்பு அனுப்பும் ஆள். இரைப்பையில் புண் இருந்தால் அந்த ஆட்கள் கூடுவது இயல்பு. தெருவில் ஒரு விபத்து நடந்தால் கூட்டம் சேர்கிறதல்லவா, அப்படி. அந்தக் கூட்டத்தில் ஆளுக்கொரு சட்டை போட்டிருப்பார்கள். நீலம் இருக்கும், மஞ்சள் இருக்கும். ஆனால் எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டிருந்தால்? அது வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் இல்லை. ஒரே ஆள் பெருகிப் பெருகி வந்த கூட்டம். அதுதான் பிளாஸ்மா செல் கட்டி. இரைப்பையில் அது மிக மிக அபூர்வம், அதனால்தான் யாருக்கும் சட்டென்று தோன்றவில்லை. வெறும் கண்ணாடியில் சட்டை தெரியாது. சிறப்புச் சாயம் போட்டால்தான் தெரியும். அது எங்களிடம் இருக்கிறது.

இதற்கு ஏன் இவ்வளவு அவசரம் என்றால், அது அந்தக் கட்டியாகவே இருந்து ஒரே இடத்தில் நின்றிருந்தால் கதிர்வீச்சுக்கே கரையலாம். இரைப்பையை வெட்ட வேண்டியதே இல்லாமல் போகலாம். வெட்டியபின் தெரிந்து என்ன பயன்?

ஆகவே: அங்கே லேப் ஜன்னலில் அக்காவின் துணுக்கைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கு. தீப்பெட்டியில் பாதி அளவு இருக்கும். கண்ணாடித் தகடு வேண்டாம், மெழுகுதான் வேண்டும். மெழுகிலிருந்துதான் நான் புதிதாகச் சீவ முடியும். வாங்கி எனக்கு அனுப்பு. நானே வந்திருப்பேன். ஆனால் இங்கே சீவுகிற இரண்டு பேரில் ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், நான் நகர்ந்தால் ஊரார் அக்காக்களின் துணுக்கெல்லாம் காத்துக் கிடக்கும்.

மாமா


மார்ச் 28

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். இப்போது சற்றுத் தெம்பாக இருக்கிறாள். நான் நலம்.

லேப்பில் இதைத்தான் கொடுத்தார்கள். இதோடு அனுப்பியிருக்கிறேன்.

பூச்சி


ஏப்ரல் 4

பூச்சிக்கு,

உன் உறையைப் பிரித்தேன். கண்ணாடித் தூள் மேஜையெல்லாம் கொட்டியது. விரலில் ஒரு கீறல், அது பரவாயில்லை.

கண்ணாடி வேண்டாம், மெழுகு வேண்டும் என்று எழுதியிருந்தேன். கண்ணாடி வந்திருக்கிறது, அதுவும் சாதாரண உறையில், பஞ்சுகூட வைக்காமல். தபால்காரர் முத்திரை குத்திய இடத்தில் சரியாக உடைந்திருக்கிறது.

ஒன்று மட்டும் சொல். நீ மெழுகைக் கேட்டாயா?

29-ம் தேதிக்கு அதிக நாள் இல்லை.

மாமா


ஏப்ரல் 11

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் விரல் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கேட்கவில்லை.

இரண்டு முறை வரிசையில் நின்று, என் முறை வந்ததும் விலகிவிட்டேன். மூன்றாவது முறை ஜன்னலுக்குப் போய் அறிக்கையை நீட்டினேன். ஜன்னல்காரர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் இரண்டு கண்ணாடித் தகடுகளைக் கொண்டு வந்து, “இதானே?” என்றார். இது இல்லை என்று எனக்குத் தெரியும். தலையை ஆட்டிவிட்டேன். வாங்கிக்கொண்டு படியிறங்கும்போதே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. திரும்பிப் போகக் கால் வரவில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் உதடே பிரியாதே, அதே மாதிரி. வீட்டுக்கு வந்து உங்களுக்கு இரண்டு வரி எழுதினேன்.

உங்கள் கடிதம் வந்ததும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் இப்படி எழுதிக்கொண்டு போனேன்: ‘ஐயா, என் அம்மாவின் பயாப்ஸி மெழுகுக் கட்டி வேண்டும். கண்ணாடி வேண்டாம். வேறு லேப்பில் சிறப்புச் சாயம் போட வேண்டும். டாக்டரின் கடிதமும் அம்மாவின் கையெழுத்தும் இணைத்திருக்கிறேன்.’ டாக்டரின் கடிதத்தையும் இப்படித்தான், நர்ஸ் அக்காவிடம் சீட்டு நீட்டி வாங்கினேன். அம்மாவின் கையெழுத்தை, சம்மதத் தாளை அவளுடைய விடுப்பு மனுக்களுக்கு நடுவில் வைத்து வாங்கிவிட்டேன். அவள் பார்க்காமல் போட்டுவிட்டாள்.

ஜன்னல்காரர் சீட்டை ஊரறியச் சத்தமாக வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஏம்மா, வாய் பேச வராதா?” என்றார். நான் என்ன சொல்வது? எப்படியோ தலையை ஆட்டினேன். “காது கேக்குமா?” என்றார். கேட்கும் என்று ஆட்டினேன். பின்னால் நின்ற பெண், “பாவம் சார், புள்ளைய அலைய விடாதீங்க” என்றாள். அவருடைய முகமே மாறிவிட்டது. “நாளைக்கு... காலைல... வா... தரேன்” என்று ஒவ்வொரு சொல்லாக, கையால் சூரியன் எழுவதுபோலக் காட்டிச் சொன்னார். மறுநாள் தந்தும்விட்டார். போகும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், நானும் காட்டினேன். இனிமேல் அந்தப் பக்கம் எப்படிப் போவேன்?

மெழுகைச் சோப்பு டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன். தபாலை இனி நம்ப மாட்டேன். அம்மாவோடு ஓடும் டிரைவர் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அவர் டிப்போவில் உங்கள் ஊர் வண்டிக்காரரிடம் கொடுப்பார், அவர் உங்களிடம் தருவார். டப்பா மேல் ‘இன்ஜின் பக்கம் வைக்காதீர்கள், உருகிவிடும்’ என்று எழுதி ஒட்டினேன். “என்ன பாப்பா, வெண்ணெயா?” என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

மாமா, சீக்கிரம்.

பூச்சி


ஏப்ரல் 20

அன்பு மருமகளுக்கு,

நான் சுகம். நீயும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும்.

டப்பா வந்து சேர்ந்தது. வண்டிக்காரர் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்ததாகச் சொன்னார். சாயம் போடுகிற வேலை நடக்கிறது, அதற்கு நாளாகும்.

இங்கே இரண்டு நாளாக நல்ல மழை. நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவின் பூனை என் அறைக்குள் வந்து, துவைத்து மடித்த துணி மேல் நாலு குட்டி போட்டிருக்கிறது. சட்டைகளை எடுக்கக் கை வைத்தால் சீறுகிறது. இரண்டு நாளாக ஒரே சட்டையில்தான் வேலைக்குப் போகிறேன். “மாத்திட்டு வாங்க, ரசாயன வாடையை மீறி அடிக்குது” என்று மேடம் சொல்கிறார். குட்டிகளில் ஒன்று முழுக் கறுப்பு. மற்ற மூன்றும் சாம்பல். வீட்டுக்கார அம்மா என்னைத் தாய்மாமன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

நீ சீட்டு எழுதி நீட்டிய கதையைப் படித்து நெடுநேரம் சிரித்தேன்.

அக்காவுக்கு முதுகு வலி, இடுப்பு வலி ஏதும் உண்டா? சும்மா கேட்டேன்.

மாமா


ஏப்ரல் 23

மாமாவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது மனமில்லை. மன்னியுங்கள்.

பூனைக்குட்டிக்கு என்ன நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் வயிற்றில் இருப்பதற்கு என்ன நிறம் என்று எழுதவில்லை. சாயம் போட எத்தனை நாள் ஆகும் என்று நீங்கள்தான் எனக்கு முன்பு ஒரு முறை சொன்னீர்கள். அதெல்லாம் எப்போதோ முடிந்திருக்கும்.

‘சும்மா கேட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எதையும் சும்மா கேட்பவர் இல்லை. அம்மாவுக்கு முதுகு வலி உண்டு. எல்லாக் கண்டக்டருக்கும் உண்டு. அது எதற்கு உங்களுக்கு?

ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் போகச் சொல்கிறார். அறிக்கை ‘உறுதியில்லை’ என்கிறது. ஜன்னலில் நாளை வா என்கிறார்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என்னிடம் நேராகப் பேசுகிற ஒரே ஆள் நீங்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் ஒரு ஜன்னல் ஆகிவிட்டீர்கள். கதவை மூடிக்கொண்டு உள்ளேயிருந்து பூனையைக் காட்டுகிறீர்கள்.

அம்மா ஆஸ்பத்திரிக்குப் பை கட்டத் தொடங்கிவிட்டாள். சீப்பு, துண்டு, டம்ளர். நான் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிறேன், அவள் திரும்ப உள்ளே வைக்கிறாள்.

இதை டிரைவர் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அதே வண்டியில் பதில் வர வேண்டும்.

பூச்சி


ஏப்ரல் 24

என் கண்ணான பூச்சிக்கு,

வண்டி திரும்பும்வரை நேரமிருக்கிறது. வண்டிக்காரர் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

திட்டியது சரி. இன்னும் கூடத் திட்டியிருக்கலாம்.

எல்லோரும் ஒரே சட்டை. நிறையச் சாயம் போட்டுப் பார்த்தாயிற்று. மேடம் தனியாகப் பார்த்தார், தன் சிநேகிதியையும் அழைத்துப் பார்க்கச் சொன்னார். இருவரும் ஒன்றையே சொன்னார்கள். அழற்சி இல்லை. இரைப்பையில் பிளாஸ்மா செல் கட்டி. அறிக்கையை மேடம் கையெழுத்திட்டு இதோடு வைத்திருக்கிறார். உங்கள் அறுவை டாக்டருக்குத் தனியாக ஒரு கடிதமும் எழுதியிருக்கிறார்.

முதுகு வலியை ஏன் கேட்டேன் என்றால், இந்தச் செல்களின் சொந்த வீடு எலும்பு மஜ்ஜை. அங்கே பெருகிவிட்டு ஒரு கிளையை இரைப்பைக்கு அனுப்பியிருந்தால் அது வேறு நோய், பெரிய நோய். இரைப்பையில் மட்டும் தனியாக இருந்தால் இது பிழைக்கிற வழி உள்ள நோய். இரண்டில் எது என்று மெழுகு சொல்லாது. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுக்க வேண்டும், ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் சேர்த்துச் சோதிக்க வேண்டும், எலும்புகளைப் படம் பிடிக்க வேண்டும். அதுவரை யாரும் கத்தி வைக்கக் கூடாது.

பூனை விஷயம். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற துணுக்கின் எண்ணை மட்டும் பார்ப்போம், பெயரைப் பார்ப்பதில்லை. பெயரைப் பார்த்தால் கை நிற்காது. சோப்பு டப்பாவில் வந்ததற்கும் ஓர் எண்ணை ஒட்டினேன். ஒட்டினாலும் அது அக்காதான். மெழுகைச் சீவினால் நாடா மாதிரி சுருள் சுருளாக வரும், வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்த வேண்டும். அன்றைக்கு நாடா நிற்கவே இல்லை, கிழிந்து கிழிந்து போனது. மேடம் வந்து, “நகருங்க, நான் பாத்துக்கறேன்” என்றார். நகரவில்லை. சீவி முடித்தேன். முடிவு தெரிந்தபின் உனக்கு எழுத உட்கார்ந்தேன். பூனைதான் வந்தது.

இனி ஜன்னலை மூட மாட்டேன். அக்காவிடம் சொல்லிவிடு. வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

மாமா


மே 21

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் நாலு குட்டிகளும் நலமா? சட்டை கிடைத்ததா?

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் அப்படியே கொடுத்துவிட்டேன். எனக்கு வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. அவள் இரண்டு முறை படித்தாள். பையைப் பிரித்துச் சீப்பை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

அறுவை டாக்டர் மேடத்தின் கடிதத்தை நின்றபடியே படித்தார். “இத்தனை வருஷத்துல இரைப்பையில இது எனக்கு வந்ததில்லம்மா. நல்லவேளை, முன்னாடியே தெரிஞ்சுது” என்று சொல்லித் தேதியை அடித்துவிட்டார். அதன்பிறகு மறுபடி வரிசைகள். மஜ்ஜை எடுக்கிற ஊசி ஆஸ்பத்திரியில் தீர்ந்துபோய், வருவதற்கே ஒரு வாரம். எடுத்தபோது அம்மா கத்தவில்லை, என் கையை நசுக்கிவிட்டாள். சிறுநீர் சேர்த்த கேனைப் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனோம். கண்டக்டர் புதுப் பையன். “பெரியம்மா, லக்கேஜுக்கு டிக்கெட் எடுக்கணும்” என்றான். “எடுக்கறேன் தம்பி. திறந்து பாத்துட்டு எந்த ரேட்டுனு சொல்லு” என்றாள் அம்மா.

முடிவுகள் வந்துவிட்டன. மஜ்ஜை சுத்தம். சிறுநீர் சுத்தம். எலும்புப் படங்களில் ஒன்றும் இல்லை. ரத்த டாக்டர் இந்த முறை வந்திருந்தார். தனிக் கட்டிதான் என்றார். பின்னால் எலும்புக்கு வரவும் கூடும், அதனால் வருடக்கணக்கில் வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதை அவர் சொன்ன பிறகும் அம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தீர்களா? கதிர்வீச்சுப் பிரிவில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கோப்பின் முதல் பக்கத்தில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கிறது: நாள்பட்ட அழற்சி. “அழற்சிக்கெல்லாம் கதிர்வீச்சு குடுக்க மாட்டோம்” என்கிறார்கள். மேடத்தின் அறிக்கையைக் காட்டினால், “அது வெளி லேப். எங்க லேப் மாத்தி எழுதணும்” என்கிறார்கள். லேப்பில் மாற்ற வேண்டும் என்றால் அதே ஜன்னல். ஒரு வாரமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். சீட்டு எழுதிக் கொடுத்தேன், மூன்று சீட்டு. அவர் ஒவ்வொன்றையும் வாங்கி, கட்டைவிரலைக் காட்டி, ஒரு கம்பியில் குத்தி வைக்கிறார். என் மூன்று சீட்டும் அந்தக் கம்பியிலேயே இருக்கின்றன.

நோயைக் கண்டுபிடித்தாயிற்று. அதன் பெயரை ஒரு தாளில் எழுத வைக்க முடியவில்லை.

பூச்சி


ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? இங்கே நாங்கள் இருவரும் நலம். இந்த வரியை எழுதி ரொம்ப நாளாயிற்று.

கோப்பில் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை கதிர்வீச்சு தொடங்குகிறது. மேடத்துக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கறுப்புக் குட்டியை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

மீதியை அம்மா எழுதுகிறாளாம். தாளைப் பிடுங்குகிறாள்.

பூச்சி


தம்பிக்கு அக்கா எழுதுவது.

கல்யாணப் பெண் மாதிரி மெலிந்திருக்கிறேன், மற்றபடி சுகம். நீ சாப்பிடுகிறாயா?

இரண்டு பேரும் சேர்ந்து என் வயிற்றைப் பார்சலாக்கி பஸ்ஸில் அனுப்பிவிட்டு எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? விடுப்பு மனுக்களுக்கு நடுவில் வேறொரு தாளை வைத்து நீட்டினால் எனக்குத் தெரியாதா? டிக்கெட் எடுக்காதவனை அவன் முகத்தைப் பார்த்தே இறக்கிவிடுகிறவள் நான். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். இவளாக ஒரு காரியம் செய்கிறாளே, கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

நடந்ததை இவள் உனக்கு ஒரு வரியில் முடித்துவிட்டாள். நான் சொல்கிறேன் கேள்.

நேற்று நானும் கூடப் போனேன். லேப்புக்கு எதிரே நீளமான பெஞ்ச், அதன் கடைசியில் உட்கார்ந்துகொண்டேன். இவள் வரிசையில் நின்றாள். ஜன்னலுக்குப் போனதும் பைக்குள் கையை விட்டுத் துழாவுகிறாள், துழாவுகிறாள். எழுதி வைத்த சீட்டை வீட்டிலேயே விட்டுவிட்டாள். அந்த ஆள் இவளைப் பார்த்ததும் வழக்கம்போலக் கட்டைவிரலைக் காட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடக் கையை நீட்டினான். எனக்கு எழுந்து போய் ஒரு சத்தம் போட்டால் என்ன என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இவள் நகரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என்னமோ முனகினாள். அந்த ஆள் நாற்காலியோடு பின்னால் போய்விட்டான். “அட! உனக்குப் பேச வருமா?” என்றான்.

நான் பெஞ்சிலிருந்தே சொன்னேன், “வரும் சார், நல்லா வரும். ஏய், கடைசி ஸீட்டுக்குக் கேக்கல!”

இவள் திரும்பி என்னை முறைத்தாள். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். “எங்கம்மாவுக்கு இருக்கிறது அழற்சி இல்ல, பிளாஸ்மா செல் கட்டி. மாத்தி எழுதிக் குடுங்க. எழுதிக் குடுக்கற வரைக்கும் நான் போக மாட்டேன்” என்றாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கூட நின்றார். அந்த ஆள் குத்தி வைத்திருந்த கம்பியிலிருந்து சீட்டுகளை உருவிக்கொண்டு உள்ளே ஓடினான்.

கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். தாளை வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “கேட்டுதா?” என்றாள்.

கேட்டது என்றேன்.

அக்கா